ஐபாட் வீடியோவில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

இது ஐந்தாம் தலைமுறை ஐபாடுக்கு, அதாவது ஐபாட் வீடியோவுக்கு மட்டுமான வழிகாட்டி. செய்யப்போகும் வேலைகள் மூன்று: உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு பொருத்துவது, பழைய பேட்டரியை மாற்றுவது, ஆப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாக ஓடும் இலவச ராக்பாக்ஸ் மென்பொருளை ஏற்றுவது. சாலிடரிங் எதுவும் இல்லை. எல்லாம் கையில் தயாராக இருந்தால் கழற்றிப் பூட்டும் வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். கார்டு சோதனையும் பாட்டு ஏற்றுவதும்தான் மணிக்கணக்கில் ஓடும், அவற்றுக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கழற்றுவதில் இல்லை, வரிசையில்தான். கார்டைச் சோதிக்காமல் பொருத்திவிடுவார்கள், ரீஸ்டோர் (ஆப்பிளின் ஐட்யூன்ஸ் நிரல் வழியாக ஐபாடின் மென்பொருளை மறுபடி ஏற்றுவது) ஆகும் முன்பே உறையை அழுத்தி மூடிவிடுவார்கள், பிறகு எங்கே கோளாறு என்று தெரியாமல் மறுபடி மறுபடி நெம்புவார்கள். ஒவ்வொரு முறை நெம்பும்போதும் ஸ்டீல் பின்மூடி கொஞ்சம் வளையும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. கையில் இருப்பது எந்த மாடல்

பின்மூடியில் பொடி எழுத்தில் ஏ1136 என்று இருந்தால் அது ஐந்தாம் தலைமுறை. முன்பக்கம் பிளாஸ்டிக்காக இருக்கும். ஏ1238 என்று இருந்து முன்பக்கம் அலுமினியமாக இருந்தால் அது ஐபாட் கிளாசிக். அதற்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. கிளாசிக்கின் உறை உலோகத்தோடு உலோகம் கவ்விக்கொள்வது. முதல் முயற்சியிலேயே முன்பக்க விளிம்பைப் பல்லாக்கிவிடுவீர்கள். போதாததற்கு 2007-ல் வந்த கிளாசிக்குகள் 128 ஜிபிக்கு மேல் ஏற்காது.

ஐந்தாம் தலைமுறையிலேயே இரண்டு வகை உண்டு. 2005 அக்டோபரில் வந்தவை 30, 60 ஜிபி. 2006 செப்டம்பரில் வந்தவை 30, 80 ஜிபி, இவற்றை 5.5 என்பார்கள். இசை மெனுவில் தேடல் என்ற வரி இருந்தால் அது 5.5. ஒலிக்கான சில்லு இரண்டிலும் வுல்ஃப்சன் டபிள்யூஎம்8758 தான், ஆகவே ஒலிக்காக மட்டும் 5.5-க்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

விலை கொடுக்க வேண்டியது தடிமனுக்கும் ரேமுக்கும். 30 ஜிபி மாடல் 11 மில்லிமீட்டர் தடிமன், 32 எம்பி ரேம். 60, 80 ஜிபி மாடல்கள் 14 மில்லிமீட்டர், 64 எம்பி ரேம். அந்த 3 மில்லிமீட்டர்தான் பெரிய பேட்டரிக்கு இடம். ரேம் எதற்கு என்றால், ஆப்பிளின் சொந்த மென்பொருளிலேயே பாட்டுக் கேட்கப்போகிறீர்கள் என்றால் 32 எம்பி போர்டு சுமார் 20,000 பாட்டுகளைத் தாண்டியதும் தடுமாறத் தொடங்கும். ராக்பாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

2. திறக்கும் முன் சோதனை

ஹார்ட் டிஸ்க் செத்துப்போன ஐபாட்தான் இந்த வேலைக்கு நல்ல பேரம். டிஸ்க்கை எப்படியும் தூக்கிப் போடப்போகிறோம். ஆனால் மற்ற பாகங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். டிஸ்க் ஓடாவிட்டாலும் இதைப் பார்க்க வழி உண்டு, சோதனை மெனு ஐபாடின் போர்டிலேயே இருக்கிறது.

ஹோல்டு பொத்தானை ஒருமுறை தள்ளித் திருப்புங்கள். மெனுவையும் நடுப்பொத்தானையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். சின்னம் வந்ததும் உடனே விட்டுவிட்டு, நடுப்பொத்தானையும் பின்செல்லும் பொத்தானையும் பிடியுங்கள். சோதனை மெனு வரும். அதில் திரை, சக்கரம், பொத்தான்கள் மூன்றையும் பாருங்கள்.

பாட்டு ஓடும் நிலையில் இருந்தால் ஹெட்ஃபோனைச் செருகி, பிளக்கை மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒரு காதில் சத்தம் போய்ப் போய் வந்தால் ஜாக் தேய்ந்திருக்கிறது. ஜாக்கும் ஹோல்டு பொத்தானும் ஒரே ரிப்பனில் (தட்டையான மெல்லிய கேபிள்) வரும் ஒரே பாகம், தனியாகக் கிடைக்கும். வாங்கும்போது 11 மில்லிமீட்டர் உடலுக்கா 14-க்கா என்று சொல்லி வாங்குங்கள், இரண்டும் வேறு வேறு.

கீழே உள்ள 30 பின் துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் அந்த ஐபாடை விட்டுவிடுங்கள். கணினியோடு ஒழுங்காகப் பேசாத ஐபாடில் ரீஸ்டோர் நடக்காது.

3. வாங்க வேண்டியவை

அடாப்டர் (டிஸ்க்கின் இடத்தில் எஸ்டி கார்டைப் பொருத்த உதவும் சிறு பலகை): ஐஃபிளாஷ் சோலோ. ஒரு முழு அளவு எஸ்டி கார்டு போடலாம். இரண்டு கார்டு போடும் டூயல், நான்கு மைக்ரோஎஸ்டி போடும் குவாட் என்றும் உண்டு. முதல் முறைக்கு சோலோவே போதும். நான்கு கார்டு என்றால் மின்செலவும் அதிகம், கோளாறு வந்தால் சந்தேகப்பட வேண்டிய இடமும் நான்கு.

கார்டு: 128 அல்லது 256 ஜிபி எஸ்டி கார்டு. சிடி தரத்தில் உள்ள ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு வகை) ஆல்பம் ஒன்று ஏறக்குறைய 300 எம்பி. ஐந்தாறு பாட்டு உள்ள சினிமா ஆல்பம் என்றால் 150 முதல் 200 எம்பிக்குள் அடங்கும். 256 ஜிபியில் 800 முழு நீள ஆல்பங்கள் கொள்ளும். வேகமான, விலை கூடிய கார்டால் இங்கே பயன் இல்லை, ஐபாடின் யுஎஸ்பி 2.0 தான் வேகத்தைக் கட்டிப்போடுகிறது. எல்லாக் கார்டும் எல்லா அடாப்டரோடும் ஒத்துப்போகாது. அடாப்டர் தயாரிப்பாளர் தரும் பட்டியலைப் பார்த்த பிறகே கார்டு வாங்குங்கள்.

பேட்டரி: ஐந்தாம் தலைமுறை ஐபாடுக்கான 3.7 வோல்ட் பேட்டரி, ஆரஞ்சு ரிப்பனோடு வருவது. அளவு பற்றி 8-ஆம் படியில் பார்ப்போம்.

கருவிகள்: இரண்டு மூன்று பிளாஸ்டிக் நெம்புகோல்கள், இரண்டு கிட்டார் பிக்குகள், கூர்முனை பிளாஸ்டிக் குச்சி ஒன்று, மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப், 1 மற்றும் 2 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட், இரண்டு அகலமான ரப்பர் பேண்ட். செல்ஃபோன் பழுது பார்க்கும் சாமான் விற்கும் கடைகளில், சென்னை என்றால் ரிச்சி தெருவில், அடாப்டரைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் கிடைத்துவிடும். பேட்டரியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது சிரமம். தனி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றக் கட்டுப்பாடு இருக்கிறது.

விண்டோஸ் கணினி ஒன்றும் கட்டாயம் வேண்டும். காரணம் 9-ஆம் படியில்.

4. கார்டை முழுதாக நிரப்பிச் சோதியுங்கள்

எல்லாரும் தாண்டிப்போகும் படி இது. பிறகு எல்லாரையும் அழ வைப்பதும் இதுதான்.

போலிக் கார்டு 256 ஜிபி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும், உள்ளே இருப்பது 32 ஜிபியாக இருக்கலாம். முதல் 32 ஜிபி நன்றாகவே ஓடும். அதற்கு மேல் எழுதுவது எங்கும் பதியாது, அல்லது முன்பு எழுதியதன் மேலேயே விழும். நீங்கள் ஐபாடை மூடி, ஒரு வாரம் பாட்டுக் கேட்ட பிறகு, பாட்டுகள் பாதியில் தாவத் தொடங்கும். அப்போது கார்டு மேல் சந்தேகம் வராது. ரிப்பன் சரியாக ஏறவில்லை என்று மறுபடி உறையை நெம்புவீர்கள்.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. இரண்டும் இலவசம். கார்டு முழுவதையும் நிரப்பி எழுதி, திரும்ப வாசித்து ஒப்பிடும். 256 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரு பிழை வந்தாலும் கார்டைத் திருப்பிக் கொடுங்கள்.

5. உறையைத் திறத்தல்

பேட்டரியில் கால்பங்குக்குக் கீழே சார்ஜ் இருக்கும்போது திறங்கள். நெம்புகோல் தவறிப்போய் பேட்டரியில் குத்தினாலும் சேதம் குறைவாக இருக்கும். ஹோல்டு பொத்தானைப் பூட்டி வையுங்கள், வேலைக்கு நடுவே கை பட்டு ஐபாட் உயிர் பெறாது.

வெள்ளை அல்லது கருப்புப் பிளாஸ்டிக்கும் ஸ்டீல் மூடியும் சேரும் கோடுதான் நுழைவாயில். பக்கவாட்டில், மேல் மூலைக்குச் சற்றுக் கீழே பிளாஸ்டிக் நெம்புகோலின் விளிம்பை வைத்து, ஸ்டீல் பக்கம் சாய்த்து உள்ளே தள்ளுங்கள். அது நுழைந்ததும் பக்கத்தில் கிட்டார் பிக்கைச் செருகிவிடுங்கள். இல்லையென்றால் நெம்புகோலை எடுத்த நொடியே விடுபட்ட கொக்கி மறுபடி கவ்விக்கொள்ளும். பிறகு பிக்கைக் கீழ்நோக்கி நகர்த்துங்கள். கொக்கிகள் ஒவ்வொன்றாக டிக், டிக் என்று விடுபடும். மறுபக்கமும் இதேதான்.

ஸ்க்ரூடிரைவர், கத்தி வேண்டாம். பிளாஸ்டிக் விளிம்பில் வெட்டு விழுந்தால் நிரந்தரம். பிக்கை 3 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடாதீர்கள், விளிம்பை ஒட்டியே ரிப்பன்கள் போகின்றன.

கொக்கிகள் எல்லாம் விட்டதும் இரண்டு பாதிகளையும் இழுத்துப் பிரித்துவிடாதீர்கள். உள்ளே இரண்டு ரிப்பன்கள் அவற்றை இணைத்துக்கொண்டிருக்கின்றன.

6. மூன்று ரிப்பன்கள், இந்த வரிசையில்

முதலில் பேட்டரி ரிப்பன். மின்சாரம் ஓடும்போது மற்ற எதையும் கழற்றக்கூடாது. உறையை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து பாருங்கள். மெல்லிய ஆரஞ்சு ரிப்பன் ஒரு பழுப்பு நிறக் கனெக்டருக்குள் போவது தெரியும். அதன் பழுப்புத் தாழ்ப்பாளை இரண்டு முனையிலும் மாறி மாறி, நகத்தால் சுமார் 2 மில்லிமீட்டர் மேலே தூக்குங்கள். அவ்வளவே. தாழ்ப்பாள் கழன்று கையில் வரக்கூடாது. பிறகு ரிப்பனை நேராக வெளியே இழுங்கள், தடையே இல்லாமல் வர வேண்டும். தடை இருந்தால் தாழ்ப்பாள் இன்னும் திறக்கவில்லை. இந்த வேலையில் அதிகம் உடைவது இந்தத் தாழ்ப்பாள்தான். உடைந்தால் சாலிடரிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

இப்போது உறையைப் புத்தகம் போல விரிக்கலாம். பேட்டரி பின்மூடியோடும், ஹார்ட் டிஸ்க் முன்பாதியோடும் இருக்கும்.

இரண்டாவது, ஹெட்ஃபோன் ரிப்பன். ஹார்ட் டிஸ்க்கை லேசாகத் தூக்கினால் அடியில் வெண்ணிற ரிப்பன் தெரியும். கருப்புத் தாழ்ப்பாளைக் கூர்முனைக் குச்சியால் நிமிர்த்தி ரிப்பனை எடுங்கள். இப்போது இரண்டு பாதிகளும் தனித்தனி.

மூன்றாவது, டிஸ்க் ரிப்பன். டிஸ்க்கின் விளிம்பில் உள்ள கருப்புத் தாழ்ப்பாளை 90 டிகிரி நிமிர்த்தினால் டிஸ்க் கழன்று வரும். அந்த ரிப்பனின் மறுமுனை போர்டில் இருக்கிறது, அதைத் தொடவே தேவையில்லை. டிஸ்க்கின் ஓரத்தில் உள்ள நீல ரப்பர்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

எதையும் கழற்றும் முன் செல்ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் எந்த அளவு உள்ளே போயிருந்தது என்பதைப் பின்னால் ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம்.

7. அடாப்டரைப் பொருத்துதல்

முதலில் கார்டை அடாப்டரில் செருகிவிடுங்கள். ரிப்பனை மாட்டிய பிறகு செருகினால் அந்த அழுத்தத்தில் ரிப்பன் கோணிக்கொள்ளும்.

அடாப்டரின் தாழ்ப்பாளை நிமிர்த்தி, ரிப்பனை டிஸ்க்கில் இருந்த அதே பக்கம் பார்க்க வைத்து உள்ளே விடுங்கள். 40 தொடுமுனைகளும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ரிப்பனின் விளிம்புக்கும் கனெக்டரின் வாய்க்கும் நடுவே தெரியும் கோடு இரண்டு முனையிலும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தால்கூட ஐபாட் கார்டைக் காணாது, அல்லது ரீஸ்டோர் பாதியில் நிற்கும். கோடு நேரானதும் தாழ்ப்பாளைச் சாய்த்துப் பூட்டுங்கள்.

டிஸ்க் இருந்த இடத்தில் இப்போது வெற்றிடம். 30 ஜிபி மாடலில் டிஸ்க் 5 மில்லிமீட்டர், 80 ஜிபியில் 8 மில்லிமீட்டர். அடாப்டர் அதைவிட மெலிது. நடக்கும்போது அது உள்ளே ஆடினால் சில மாதங்களில் ரிப்பன் தளரும். அதனால் ஃபோம் வைக்கிறோம், ஆனால் பேட்டரி பொருந்துவதைப் பார்த்த பிறகு. அடாப்டரின் வெறும் உலோகப் புள்ளிகள் மேல் மட்டும் இப்போதே கேப்டான் டேப் ஒட்டிவிடுங்கள், ஸ்டீல் மூடியோடு உரசினால் ஷார்ட் ஆகும்.

8. பேட்டரி

30 ஜிபி மாடல் புதிதாக இருந்தபோது 14 மணி நேரமும், 60, 80 ஜிபி மாடல்கள் 20 மணி நேரமும் பாடும் என்று ஆப்பிள் சொன்னது. சுழலும் டிஸ்க் போய்விட்டதால், அதே அளவு புதிய பேட்டரி போட்டாலே நேரம் கூடும். டிஸ்க் விட்டுப்போன இடத்தையும் பேட்டரிக்கே கொடுக்கலாம் என்பதுதான் இந்த வேலையில் உள்ள பெரிய ருசி. 2000, 3000 எம்ஏஎச் என்று விற்பவையெல்லாம் அந்த இடத்தைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை.

இங்கே ஆசை அதிகமாகக் கூடாது. 3000 தடித்த உடலுக்கு மட்டும். மெல்லிய உடலில் 2000-ஐயே அளந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும். பின்மூடியில் பேட்டரியை வைத்து, அடாப்டர் பொருத்திய முன்பாதியை மேலே சும்மா வையுங்கள். விரலால் அழுத்தாமலே கோடு சேருகிறதா? சேர்ந்தால் சரி. அழுத்தினால்தான் சேருகிறது என்றால் அந்த அழுத்தம் முழுக்கத் திரையின் முதுகில் போய் விழும், கொஞ்ச நாளில் திரையில் வெளிறிய திட்டுகள் வரும். லித்தியம் பேட்டரிகள் வயதாக ஆகச் சற்று உப்பவும் செய்யும். ஒரு மில்லிமீட்டர் மூச்சுவிட இடம் கொடுங்கள்.

பழைய பேட்டரி பின்மூடியில் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் பட்டையை அடியில் விட்டுச் சிறிது சிறிதாகக் கிளப்புங்கள். வளைக்காதீர்கள், குத்தாதீர்கள். ஏற்கெனவே உப்பியிருந்தால் ஜன்னலோரத்தில், பக்கத்தில் ஒரு சட்டி மணலோடு செய்யுங்கள். கழற்றியதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

புதியதை உடனே ஒட்டிவிடாதீர்கள். சோதனை முடியும்வரை சும்மா வைத்திருந்தால் போதும்.

9. மூடாமல் ரீஸ்டோர்

ஹெட்ஃபோன் ரிப்பன் முதலில், பேட்டரி ரிப்பன் கடைசியில். கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. இரண்டு பாதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கொக்கிகள் கவ்வாதபடி, நடுவில் திரையைத் தவிர்த்து மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போடுங்கள். விரித்த நிலையிலேயே கேபிளைச் செருகினால், செருகும் விசை ரிப்பன்களை இழுக்கும்.

இப்போது திரையில் ஆச்சரியக்குறியோடு ஒரு கோப்புறைப் படம் வரும், அல்லது ஐட்யூன்ஸில் ரீஸ்டோர் செய் என்று வரும். பலர் இங்கேதான் பயந்துபோய் எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். இது சரியான அடையாளம். ஐபாடின் மென்பொருள் டிஸ்க்கில்தான் இருந்தது, கார்டு காலியாக இருப்பதால் அப்படிக் கேட்கிறது. ஒன்றுமே வராமல் கேபிள் செருகும்போது மட்டும் உயிர் வந்தால், பேட்டரி ரிப்பன் முழுதாக ஏறவில்லை.

விண்டோஸ் கணினியில் ஐட்யூன்ஸ் நிறுவிக் கேபிளைச் செருகுங்கள். டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று மூடுங்கள். அங்கே ஃபார்மேட் செய்தால் ஐபாடின் மென்பொருளுக்கான தனிப் பகுதி உருவாகாது. ஐட்யூன்ஸ் கேட்கும் ரீஸ்டோருக்கு மட்டும் சரி சொல்லுங்கள், பிரிப்பது ஃபார்மேட் செய்வது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மேக்கிலும் ரீஸ்டோர் ஆகும். ஆனால் மேக் தன் எச்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மேட் செய்துவிடும். ராக்பாக்ஸுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். விண்டோஸ் கட்டாயம் என்றது இதனால்தான்.

1439 போன்ற பிழை எண்ணோடு ரீஸ்டோர் நின்றால், எண்ணின் பொருளைத் தேடி அலையாமல் இந்த வரிசையில் போங்கள். முதலில் கேபிளை மாற்றுங்கள். அடுத்து, கணினியின் பின்பக்க யுஎஸ்பியில் நேரடியாகச் செருகுங்கள், ஹப் வேண்டாம். அப்புறம் 2-ஆம் படியில் போல மெனுவையும் நடுப்பொத்தானையும் பிடித்து ஐபாடை ரீசெட் செய்து, ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப்பொத்தானையும் பிளே பொத்தானையும் பிடித்து டிஸ்க் மோடுக்குக் கொண்டுபோய் மறுபடி முயலுங்கள். அதுவும் ஆகாவிட்டால் டிஸ்க் ரிப்பனைக் கழற்றி மறுபடி உட்கார வையுங்கள். கடைசியாகக் கார்டை மாற்றிப் பாருங்கள்.

ரீஸ்டோர் முடிந்ததும் ஐட்யூன்ஸ் வழியாக ஒரே ஒரு பாட்டை ஏற்றிக் கேளுங்கள். இரண்டு காதிலும் வருகிறதா, ஹோல்டு பூட்டுகிறதா? இல்லையென்றால் ஹெட்ஃபோன் ரிப்பன். இதை ராக்பாக்ஸுக்கு முன்பே பார்ப்பதால், பின்னால் வரும் கோளாறு எதுவானாலும் மென்பொருளில்தான் என்று தெரிந்துவிடும்.

10. ராக்பாக்ஸ்

ஆப்பிளின் மென்பொருள் ஃபிளாக் கோப்பை ஓட்டாது. எம்பி3, ஏஏசி, ஆப்பிள் லாஸ்லெஸ், வேவ், ஏஐஎஃப்எஃப், பாட்டுக்கு அவ்வளவுதான். ராக்பாக்ஸ் ஃபிளாக், ஓபஸ், ஆக் வோர்பிஸ், வேவ்பேக் எல்லாவற்றையும் ஓட்டும், பாட்டை இழுத்துப் போட்டாலே போதும், ஐட்யூன்ஸே தேவையில்லை.

ராக்பாக்ஸ் யுட்டிலிட்டியை நிர்வாகி உரிமையோடு திறங்கள். பூட்லோடரை (ஐபாட் உயிர் பெறும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) ஐபாடின் தனிப் பகுதியில் எழுத வேண்டும், சாதாரண உரிமையில் அது நடக்காது. ஐட்யூன்ஸை முழுதாக மூடிவிடுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ஐபாடைப் பிடித்தால் நிறுவல் பாதியில் நிற்கும். கருவியைத் தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நிலையான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், எழுத்துருத் தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் மென்பொருள் அழிந்துவிடாது. ரீசெட் செய்து உடனே ஹோல்டைப் பூட்டினால் ஆப்பிள், சும்மா விட்டால் ராக்பாக்ஸ்.

11. மூடுதல்

ஒரு நாள் முழுக்க ரப்பர் பேண்டோடே பாட விடுங்கள். அது தாங்கினால் மூடலாம்.

பேட்டரியை மெல்லிய இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். மீதி வெற்றிடத்தில் ஃபோமை, தொட்டும் தொடாமலும் இருக்கும் அளவுக்கு வெட்டி வையுங்கள். நீல ரப்பர்களில் பொருந்துவதை அடாப்டரின் ஓரத்தில் வைக்கலாம். நெம்பியதில் ஸ்டீல் விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருந்தால், துணி சுற்றிய குறடால் சிறிது சிறிதாக நேராக்குங்கள். மூடிய பிறகு ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த வளைவுதான் காரணம்.

திரையில் கை வைக்காமல் பக்கவாட்டிலிருந்து மட்டும் அழுத்துங்கள். திறக்கும்போது கேட்ட டிக், டிக் மறுபடி கேட்க வேண்டும். ஓரிடத்தில் மெத்தென்று இருந்தால் அங்கே ரிப்பன் மடிந்து கிடக்கிறது. நிறுத்தித் திறந்து பாருங்கள்.

12. பாட்டுகளை ஏற்றும் முன்

உயர் தெளிவு என்று விற்கும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளை அப்படியே போடாதீர்கள். ராக்பாக்ஸ் அவற்றைப் பாடும்போதே கீழிறக்கித்தான் தரும், அதற்குப் பேட்டரி செலவாகும், இடமும் வீண். கணினியிலேயே 16 பிட், 44.1-க்கு மாற்றி ஏற்றுங்கள். மங்கீஸ் ஆடியோ கோப்புகள் இருந்தால் ஃபிளாக்காக மாற்றுங்கள், அதன் உயர் சுருக்க நிலைகளை ஓட்ட ஐபாடின் செயலிக்குச் சக்தி போதாது.

ஆல்பம் படத்தை ஒவ்வொரு கோப்புறையிலும் கவர் என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஜேபெக்காக வையுங்கள். புரோகிரசிவ் வகை ஜேபெக்கை ராக்பாக்ஸ் காட்டாது, பேஸ்லைனாகச் சேமிக்க வேண்டும். திரையே 320-க்கு 240 தான், அதற்கு மேல் பெரிய படம் தண்டம்.

பாட்டின் பெயர்களைத் தமிழில் டேக் செய்திருப்பவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. தமிழ் வடிவங்கள் உள்ள யூனிஃபாண்ட் போன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும், ராக்பாக்ஸ் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்காது. ‘கேளடி’ உடைந்துதான் தெரியும். ஐபாடுக்குப் போகும் பிரதியில் மட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. சினிமாப் பாட்டுகளுக்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளரையும், ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடகரையும் போடுங்கள். இரண்டையும் ஒன்றிலேயே போட்டால் ஒரே படம் ஆறு பாடகர் பெயரில் ஆறாகச் சிதறிக் கிடக்கும்.

100 ஜிபி ஏற்ற, நொடிக்கு 10 எம்பி வேகத்தில் போனாலும் 2 மணி 45 நிமிடம் ஆகும். முடிந்ததும் எஜெக்ட் கொடுத்துவிட்டே கேபிளைப் பிடுங்குங்கள். ஃபேட்32 அமைப்பு பாதி எழுத்தில் பிடுங்கினால் சிதையும்.

13. ராக்பாக்ஸில் மாற்ற வேண்டிய சில அமைப்புகள்

முதலில் டேட்டாபேஸை உருவாக்கச் சொல்லுங்கள். பாட்டுகள் அதிகம் என்றால் சில நிமிடங்கள் ஆகும், இடையில் அணைக்காதீர்கள். 64 எம்பி போர்டு என்றால் அதை ரேமில் ஏற்றும்படியும் வைக்கலாம், உருட்டுவது வழுக்கிக்கொண்டு போகும்.

பேட்டரி கொள்ளளவை நீங்கள் போட்ட எண்ணுக்கு மாற்றுங்கள். மீதி நேரத்தைக் கணக்கிட மட்டுமே அது பயன்படும். மாற்றாவிட்டால் பேட்டரி கெட்டது என்று தவறாக நினைப்பீர்கள்.

ஈக்வலைசரில் எந்தப் பட்டையை எவ்வளவு ஏற்றுகிறீர்களோ, அந்த அளவு பிரீகட்டையும் (மொத்தச் சத்தத்தை முன்கூட்டியே குறைக்கும் அமைப்பு) வையுங்கள். 60 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றினால் பிரீகட்டும் 6. இல்லையென்றால் தவில் அடி விழும் இடத்தில் கரகரக்கும். ஆப்பிள் மென்பொருளின் பேஸ் பூஸ்ட் கரகரப்பதும் இதே காரணத்தால்தான்.

பழைய ஸ்டீரியோ பதிவுகளில் குரல் ஒரு காதிலும் வயலின் மறு காதிலுமாகப் பிரிந்து கிடந்தால் கிராஸ்ஃபீடை (ஒரு காதின் சத்தத்தைச் சிறிது மறு காதிலும் கலக்கும் அமைப்பு) மேயர் என்பதில் வைத்துப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சத்தம் சுருங்கினாற்போல இருக்கும், அதன் பிறகு அணைத்தால்தான் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியும்.

வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இணைப்பவர்கள் ஹெட்ஃபோன் துளையை விட்டுவிட்டு, 30 பின் துளையிலிருந்து லைன் அவுட் தரும் டாக் அல்லது கேபிளைப் பயன்படுத்துங்கள். ஐபாடின் ஹெட்ஃபோன் சத்த அளவு அதைத் தொடாது, கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபயரில்தான்.

சார்ஜ் செய்யும்போது மட்டும் ஒரு சின்னச் சங்கதி. கணினியில் செருகினால் ராக்பாக்ஸ் பாட்டை நிறுத்திவிட்டு டிஸ்க்காக மாறிக்கொள்ளும். மெனு பொத்தானைப் பிடித்துக்கொண்டே செருகினால் சார்ஜும் ஏறும், பாட்டும் ஓடும். யுஎஸ்பி தருவது 500 மில்லி ஆம்பியர் என்றால் 2000 எம்ஏஎச் பேட்டரி காலியிலிருந்து நிறைய 4 மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், இரவில் செருகி வைப்பது சௌகரியம்.